முழங்காலுக்குள் ஒரு களவெட்டி

நான் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சத்திரசிகிச்சைக் கூடத்துப் பிள்ளைகள் தேநீர் விருந்து வைத்தார்கள். பேச்சு, கேக், படமெடுப்பு எல்லாம் ஆகி நான் கைப்பையைத் தூக்கும்போது, எலும்புப் பிரிவின் இளம் டொக்டர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மிஸ்ஸி, கோவிக்கக் கூடா. கனநாளாக் கேக்க நினைச்ச விசயம். முழங்கால் கேஸ் எண்டா, மூட முதல் நீங்க கையத் தூக்கிட்டுச் சும்மா நிக்கிற. துணிக் கணக்குச் சரி, ஆயுதக் கணக்குச் சரி. மறுகா என்னத்துக்கு நிக்கிற? நீங்க நிக்கிறதால நாங்களும் நிக்கிறம். என்னத்தக் காத்து நிக்கிறம் எண்டு ஒருத்தருக்கும் தெரியா.”

நான் ஒரு துண்டுக் கேக்கை வாய்க்குள் போட்டுக்கொண்டு தப்பிவிட்டேன். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா? ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி என்னை இருக்க விடவில்லை. இருக்கப் பிடிக்காத சுபாவம் வேறு எனக்கு. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழையதுதான் உசத்தி என்று சொல்ல நான் வரவில்லை. இன்றைக்கு முழங்காலில் இரண்டு சிறு துளை போடுகிறார்கள். ஒன்றால் கமராக் குழாய், மற்றதால் கருவி. உள்ளே இருக்கும் குருத்தெலும்பு முழுவதும் திரையில் நிலவு மாதிரித் தெரிகிறது. அந்தப் பெட்டி வந்த நாளில் அதன் வயர்களையெல்லாம் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பார்த்த முதல் ஆள் நான்தான். இளசுகள் கையேட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் என் சொந்த உள்ளங்கையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கமரா இல்லாத காலத்தில், போருக்கு நடுவில், ஒரு முழங்காலைத் திறந்தோம். அந்தக் கதையைத்தான் அவர் கேட்டிருக்கிறார், கேட்கிறோம் என்று தெரியாமலே.

மண்டூரில் பிறந்தவள் நான். வயல்காரர் வீட்டுப் பெண். விஞ்ஞானம் என்றால் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் குருத்தெலும்பைக் ‘கசியிழையம்’ என்று படித்தபோது அந்தச் சொல்லே எனக்குப் பிடித்துப்போய், கண்டவரெல்லாரின் காதையும் கிள்ளிக் காட்டி “இது கசியிழையம்” என்று திரிந்தேன். பிறகு தாதிப் பயிற்சி. தென்பகுதியில் அறிமுகமில்லாத மொழிக்கு நடுவே விழுந்தெழும்பிப் படித்து, கடைசியில் வாவிக்கரையில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். வரும்போது எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைப்பு.

எங்கள் சேர், அதாவது சத்திரசிகிச்சை நிபுணர், வடக்கிலிருந்து வந்தவர். வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். கத்தியைத் தொடுவதற்கு முன் அவர் செய்யும் இரண்டு காரியங்களை வேறெங்கும் நான் கண்டதில்லை.

முதலாவது சிவப்புக் கயிறு. நோயாளி தன் கையாலேயே தன்னுடைய நல்ல காலில் அதைக் கட்டவேண்டும். “கெட்ட காலில் கட்டினால் என்ன சேர்?” என்று நான் வந்த புதிதில் துடுக்காகக் கேட்டேன். “கெட்ட காலை மருந்து போட்டுக் கழுவேக்கை கயிறு அவிழ்ந்து போயிடும். பிறகு எந்தக் கால் எண்டு ஆரைக் கேக்கிறது, உம்மையோ?” என்றார். அதற்குப் பிறகு நான் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவது, கேட்பது. கையுறை போடுமுன் வெறும் உள்ளங்கையை முழங்கால் சில்லின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நோயாளி காலை மடக்கி நீட்டவேண்டும். சேர் அசையாமல் நிற்பார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைப்பார். “காதுக்கு முதல் விரல் கேக்கும், பிள்ளை.” உண்மைதான். தேய்ந்த குருத்தெலும்பு, புதுப் பாயைச் சுருட்டுவது போல் கரகரக்கும். மூட்டுக்குள் மெத்தை போல் இருக்கும் பிறைத்தட்டு கிழிந்திருந்தால் ஒரு முறை ‘டக்’ என்று சொல்லி அடங்கும். ஒவ்வொரு முழங்காலுக்கும் ஒவ்வொரு பேச்சு இருக்கிறதென்று நான் துள்ளிக்கொண்டு திரிந்தேன்.

இந்தச் சூழலில்தான் பூபாலப்பிள்ளை அண்ணன் வந்தார். நாற்பது வயதுக்குள். உலர்ந்த உடம்பு, பெரிய கைகள். வீடு தன்னாமுனையில், வயல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில். அந்த நாளில் அப்படி இருப்பது எவ்வளவு பெரிய வில்லங்கமென்று இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்கிறேன்: வீடு இராணுவத்தின் கையில், வயல் இயக்கத்தின் கையில். நடுவில் தண்ணீரைக் குறுக்கறுக்கும் தாழ்வான பாதை, தாம்போதி; அதன் முனையில் சோதனைச் சாவடி. பஸ்ஸால் இறங்கி, முள்ளுக்கம்பிக்கு நடுவே, துவக்குகள் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையாக நடந்து போகவேண்டும். ஓடக்கூடாது. முக்கியமாக, நிற்கக்கூடாது.

அவருடைய கால் நின்றுவிடும்.

“நடந்துதான் போற மிஸ்ஸி. திடீரெண்டு உள்ளுக்க ஏதோ வந்து செருகும். பூட்டுப் போட்ட மாதிரி. மடக்கவும் ஒண்ணா, நீட்டவும் ஒண்ணா. உதறி உதறித்தான் கழரும். போன மாசம் நடுத் தாம்போதியில பூட்டிட்டு. அங்கால நிண்ட ஆமிக்காரன் ‘வரென், வரென்’ எண்டு கத்துறான். நானும் ‘வாறன் ஐயா, வாறன்’ எண்டு கத்துறன். ஆனா வாறல்லயே!”

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிங்களத்தில் ‘வரென்’ என்றால் வா என்று அர்த்தம். எங்கள் காதுக்கு அது ‘வாறன்’ என்றே விழும். கூப்பிடுபவனும் வருபவனும் ஒரே சொல்லைச் சொல்வது போல இருக்கும். எது யாருடைய குரல் என்று பிரிப்பது கடினம்.

அவர் சிரிக்கவில்லை. “நான் நக்கலடிக்கிறன் எண்டு அவன் நினைச்சிட்டான். துவக்கை இழுத்திட்டான் மிஸ்ஸி. தமிழ் தெரிஞ்ச இன்னொருத்தன் ஓடி வந்து தடுத்ததால இண்டைக்கு உசிரோட கிடக்கன். அடுத்த முறை இடையில நிண்டா கூப்பிட மாட்டம் எண்டு சொல்லி விட்டவங்க. வயல் வெட்டுக் காலம் வருது. நான் போகாட்டி வயலும் இல்ல, போனா நானும் இல்ல.”

சேர் அவருடைய முழங்காலில் கை வைத்துக் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நீண்ட நேரம். பிறகு என் கையை எடுத்து வைத்தார். அதுவரை நான் கேட்ட எந்த முழங்காலும் அப்படிப் பேசியதில்லை. சுளகில் நெல்லைப் போட்டு ஒருபக்கம் சரித்தால் எப்படி ஓடும்? அப்படி ஏதோ தோலுக்குக் கீழே ஓடியது. விரலால் அழுத்தினால் விலகி, வேறிடத்தில் போய் ஒளிந்தது. எனக்குக் கை கூசியது. கையை எடுக்கவும் மனமில்லை.

எக்ஸ்ரேயில் பொரி தூவியது போல் சில வெள்ளைப் புள்ளிகள். “இவ்வளவுதானா சேர்?” என்றேன்.

“கல்லானதைத்தான் படம் காட்டும். குருத்தாய் இருக்கிறது படத்திலை விழாது. எத்தினை இருக்கெண்டு திறந்தால்தான் தெரியும்.”

அந்த நோயை எனக்கு விளக்கினார். மூட்டின் உட்சவ்வு தன்பாட்டில் குருத்தெலும்பை முளைக்க வைக்கிறது. அரும்புகள் அறுந்து மூட்டு நீருக்குள் விழுகின்றன. விழுந்தவை சாவதில்லை. இரத்தம் இல்லை, நரம்பு இல்லை, உடம்போடு எந்தத் தொடுப்பும் இல்லை, ஆனாலும் அந்த நீரைக் குடித்து வளர்கின்றன. புற்றுநோயல்ல, ஆனால் பெருகும். உருண்டு திரிந்து நல்ல குருத்தெலும்பையும் அரைத்துத் தின்றுவிடும். அன்று முழுவதும் அது என் மண்டைக்குள் நின்றது. ஒரு மனிதன் சோறு தின்று, சுருட்டுப் பிடித்து, பிள்ளைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு திரிய, அவனுக்குத் தெரியாமல் அவனுக்குள் ஒன்று விளைந்துகொண்டிருக்கிறது.

திறந்த நாள் நல்ல வெயில். எங்கள் கூடத்து யன்னல்களின் கீழ்ப்பாதிக் கண்ணாடிக்குக் கறுப்பு மை பூசியிருந்தோம், வெளியிலிருந்து யாரும் உள்ளே பார்க்காமல் இருக்க. மேல்பாதி வெறுங்கண்ணாடி. அதனூடாக வாவித் தண்ணீரின் ஒளி வந்து கூரையில் நெளிந்துகொண்டிருக்கும். மேசையில் மல்லாந்து கிடப்பவருக்கு, தான் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல் இருக்குமென்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஊர் அன்று ஊரடங்குச் சட்டத்தில் கிடந்தது. வாகனச் சத்தம் இல்லை, காகம்கூடக் கத்தவில்லை.

கூடத்துக்குள் நாங்கள் நான்கு பேர். சேர், மயக்க மருந்து டொக்டர், ஆயுதம் எடுத்துக் கொடுக்க நான், வெளிவேலைக்குச் சலீம் நானா. ஏறாவூர்க்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் நாங்கள் ஆயுதம் என்போம். அந்த நாளில் அந்தச் சொல்லைக் கூடத்து வாசலுக்கு வெளியே சொல்லமாட்டோம். எலும்பில் துளை போடும் கைத்துறப்பணத்தை அவித்துத் துடைத்து வைப்பது நானாவின் பெருமை. அதற்கு ‘மேசன்’ என்று பெயரும் வைத்திருந்தார்.

பூபாலப்பிள்ளை அண்ணன் நல்ல காலில் சிவப்புக் கயிற்றைக் கட்டினார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். காலை உயர்த்தி, விரலிலிருந்து மேலே இறப்பர்ப் பட்டியைச் சுற்றி இரத்தத்தைப் பிழிந்து ஏற்றி, தொடையில் காற்றுப்பட்டியை இறுக்கினோம். கால் மெழுகு நிறமானது. நடுவில் பச்சைத் துணி மறைப்பு. மறைப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய தலை, இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு கால் மட்டும்.

“எல்லாரும் வாய் கட்டியிரிக்கிங்க,” என்றது தலை. “மண்டூர்க் கோயில்ல வாய் கட்டிப் பூசை செய்யிற மாதிரி.”

“நான் மண்டூர்தான் அண்ணன்,” என்றேன். எங்கள் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் வெளியே கேட்காமல்தான் பூசை செய்வார்.

“இஞ்ச பூசாரி நாலு பேரு, கும்பிட வந்தவரு ஒராள்,” என்றார் சலீம் நானா. சேரின் கண் சுருங்கியது. அது அவருடைய சிரிப்பு.

முழங்கால் சில்லின் உட்புறமாக வளைந்த வெட்டு. சவ்வைத் திறந்ததும் மஞ்சள் நீர் வழிந்தது. அதனோடு வந்தன மணிகள். வெள்ளை வெளேரென்று, பச்சரிசி அளவில் சில, பயறு அளவில் சில. மினுமினுப்பாக, அழகாக. அதுதான் பயங்கரம், அருவருப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சேர் கரண்டியால் அள்ள அள்ள நான் உருக்குத் தட்டை நீட்டினேன். விழுந்த ஒவ்வொன்றும் ‘டிக், டிக்’ என்று அந்த அமைதிக்குள் கேட்டது. கழுவ நீர் அடித்தால் இன்னும் வந்தன.

“உரப்பையொண்டு கொண்டரவா சேர்?” என்றார் நானா.

“என்ன சத்தம் மிஸ்ஸி?” என்றது மறைப்புக்கு அப்பால் தலை.

சேர் அன்று ஏனோ பேசும் மனநிலையில் இருந்தார். “உம்மடை முழங்காலுக்கை அரிசி விளைஞ்சிருக்கு ஐசே.”

அந்த நேரம் பார்த்து நான் இரத்தம் துடைத்த துணிகளை வழக்கம்போல் உரத்து எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

“எண்ணாதீங்க!” அவர் போட்ட சத்தத்தில் மேசை ஆடியது. “மிஸ்ஸி, மண்டூர்ப் புள்ள எண்டு சொன்னீங்களே. களத்தில எண்ணலாமா? நிப்பாட்டுங்க!” மயக்க மருந்து டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குதிரை மாதிரி ஓடுகிறதென்று தலையாட்டினார்.

சேர் என்னைப் பார்த்தார். நான் அவசர அவசரமாக விளக்கினேன். நெல்லைச் சூடடிக்கும் களத்தை எங்கள் பக்கம் களவெட்டி என்போம். நெல் குவிந்து கிடக்கும்போது அங்கே எண்ணவும் கூடாது, வாய்க்கு வந்தபடி பேசவும் கூடாது. பூதம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். ‘இல்லை’, ‘முடிஞ்சுது’, ‘போதும்’ என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குவியலை அள்ளிப் போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், பொலி. கொண்டுவா என்றாலும் பொலி, நிரம்பியது என்றாலும் பொலி, இன்னும் இருக்கிறது என்றாலும் பொலி. பெண்கள் களவெட்டிக்குள் இறங்கக்கூடாது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் எல்லைக்கு வெளியே நின்று, ஒட்டுக்கேட்டுத்தான் அந்தப் பேச்சை நான் பிடித்தேன். அன்றைக்கு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

“ஆனா பிள்ளை,” என்றார் சேர், “இஞ்சை பொலியக் கூடாதே. முடியத்தானே வேணும்.”

“அதானே?” என்றார் நானா. “பூதம் வந்து அள்ளிட்டுப் போனா எங்களுக்கு வேல மிச்சம்.”

மறைப்புக்கு அப்பாலிருந்து குரல் இப்போது மெதுவாக வந்தது. “குவியல மட்டுமா நானா அள்ளும்? களத்தோட அள்ளும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. களம் என்று அவர் சொன்னது எதை என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்தது. அது எங்களுக்கு நடுவே வெள்ளையாகத் திறந்து கிடந்தது.

சேர் ஒரு முடிவெடுத்தார். “சரி. இந்த அறைக்கை இண்டைக்கு எண்ணிக்கையும் வேண்டாம், ‘இல்லை’யும் வேண்டாம். பிள்ளை, நீர் வாய்க்குள்ளை எண்ணும். சரியெண்டால் எனக்குத் தலையை மட்டும் ஆட்டும்.” நோயாளி நித்திரையாக ஊசி போடும்படி டொக்டருக்குக் கண் காட்டினார். சிறிது நேரத்தில் மறைப்புக்கு அப்பால் சீரான மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு நாங்கள் உண்மையிலேயே வாய் கட்டிப் பூசைதான் செய்தோம். சேர் கையை நீட்டுவார், நான் வைப்பேன். மணி முளைக்கும் சவ்வைத் துணுக்குத் துணுக்காக உரித்தெடுத்தார். தொடை எலும்பின் முனையில் ஓரிடத்தில் குருத்தெலும்பு முற்றாகத் தேய்ந்து எலும்பு பளிங்காகத் தெரிந்தது. உதிர்கிற ஓரங்களைச் சீவிவிட்டு, ‘மேசனை’ வாங்கி, அந்தப் பளிங்கில் சிறு சிறு துளைகள் போட்டார். எலும்பின் உள்ளிருந்து இரத்தம் கசிந்து உறைந்தால், அதிலிருந்து வடுக் குருத்து வளர்ந்து மூடும். அசல் போல் வராது, ஆனால் நடக்கப் போதும். துறப்பணம் சுற்றும் ‘கிர்ர்’ சத்தம், கூரையில் நெளியும் தண்ணீர் வெளிச்சம், வேறொன்றும் இல்லை.

கடைசித் தடவை கழுவினோம். ஒரு மணியும் வரவில்லை. மடக்கிப் பார்த்தார், வரவில்லை. சேர் தையல் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் வாய்க்குள் எண்ணினேன். துணி எல்லாம் சரி. தலையை ஆட்டினேன்.

“பொலி.”

தெளிவாகக் கேட்டது. உரத்தல்ல; பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லும் அளவில். ஆணா பெண்ணா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சேர் நின்றார். ஊசியைத் தட்டில் வைத்தார். யாரையும் கேட்கவில்லை. முழங்காலை நன்றாக மடக்கிப் பிடிக்கும்படி எனக்குச் சொல்லி, பின்பக்கத்தில் தனியாகச் சிறு வெட்டொன்று போட்டார். முழங்கால் மூட்டுக்குப் பின்புறம் ஒரு ஒதுக்கு அறை இருக்கிறது. முன்னாலிருந்து எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் அங்கே சரியாகப் போகாது. விரலை விட்டார். கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வளைந்த இடுக்கியைக் கேட்டார்.

வெளியே வந்தது புளியங்கொட்டை அளவு. மற்றவை போல உருண்டையல்ல, ஒரு பக்கம் ஆப்பு மாதிரி. நடுத் தாம்போதியில் அந்த மனிதரை நிறுத்தி வைத்தது அதுதான் என்று ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தட்டில் விழுந்தபோது அது ‘டிக்’ என்று சொல்லவில்லை. ‘டொக்’ என்றது, கதவைத் தட்டுவது போல.

தொடைப் பட்டியின் காற்றைத் திறந்தோம். மெழுகுக் கால் மெல்லச் சிவந்தது. பளிங்கு எலும்பில் போட்ட துளைகள் ஒவ்வொன்றாகச் சிவப்புப் புள்ளியாகின, கண் திறப்பதுபோல.

கை கழுவும் தொட்டியடியில்தான் சேர் கேட்டார். “எப்பிடிப் பிள்ளை தெரிஞ்சுது உமக்கு?”

“என்ன சேர்?”

“பின்னாலை இன்னும் இருக்கெண்டு நீர்தானே சொன்னனீர்.”

“நான் தலைய மட்டும்தானே ஆட்டினன் சேர். நோயாளி நித்திரையில சொன்னாரெண்டு நினைச்சன்.”

மயக்க மருந்து டொக்டர், நோயாளியின் உதட்டைத்தான் அந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அது அசையவில்லை. தானும் அந்தச் சொல்லைக் கேட்டதாக, ஆனால் சலீம் நானாவின் பகிடி என்று நினைத்ததாகச் சொன்னார்.

“அல்லாஹ்வில சத்தியமா நானில்ல,” என்றார் நானா. அவருடைய முகம் வெளிறியிருந்தது. “நான் கூரையத்தான் பாத்திட்டு நிண்டன். அந்த வெளிச்சம் இரிக்கே, ஆடிட்டிருந்த வெளிச்சம், அது அப்பிடியே நிண்டிச்சு.”

நான் கூரையைப் பார்க்கவில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நாங்கள் நால்வரும் வாய் கட்டியிருந்தோம். யாருடைய வாய் அசைந்ததென்று யாருக்கும் தெரிய வழியில்லை. காரணங்களை நானும் அடுக்கிப் பார்த்தேன், விஞ்ஞானம் படித்தவள் அல்லவா. ஒட்சிசன் குழாயின் காற்று. நித்திரை ஊசியின் முனகல். ஒருவருக்கொருவர் பயத்தைத் தொற்ற வைத்தது. எல்லாம் பொருந்துகிறது, அந்தப் புளியங்கொட்டையைத் தவிர.

சேர் மற்ற நாட்களைவிட நீண்ட நேரம் கை கழுவினார்.

அடுத்த நாள் பூபாலப்பிள்ளை அண்ணனிடம் மெல்ல விசாரித்தேன். “ஒண்டும் தெரியா மிஸ்ஸி. களத்தக் கனாக் கண்டன். வெள்ளக் குவியல். கிட்டப் போனா ஆளே இல்ல.” மணிகளில் கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு போத்தலில் மருந்து நீர் விட்டு அவரிடம் கொடுத்தார் சேர். முழங்காலில் அவ்வளவு நீளத் தழும்போடு ஒருவன் சாவடியைக் கடப்பது அந்த நாளில் சின்ன விசயமா? சண்டைக் காயம் என்பார்கள். “கேட்டால் உந்தப் போத்தலைக் காட்டும்,” என்றார். போத்தலை ஆட்டினால் உள்ளே நெல் சரிவது போல் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பயந்து, வேறு கட்டில் கேட்டு மாறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சேர் ஒவ்வொரு முழங்காலையும் மூடுமுன் கையை உயர்த்துவார். எல்லோரும் நிற்போம். சத்தமில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, கையை இறக்கித் தைக்கத் தொடங்குவார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் மாற்றலாகிப் போனபின் அந்தக் கை என்னுடையதாயிற்று. நிற்பதில் ஒரு நன்மை இருக்கத்தான் செய்கிறது. அந்த இடைவெளியில் எவ்வளவோ தடவை மறந்த மூலையொன்று நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் நின்றேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

அறுவடை தொடங்கியிருந்த நேரம் நான் லீவில் மண்டூருக்குப் புறப்பட்டேன். ஓடம் ஓடவில்லை. ஆகவே சுற்றுப்பாதை, அதே தாம்போதி. பஸ்ஸால் இறங்கி வரிசையாக நடந்தோம். நான்தான் கடைசி. எனக்கு நேர் முன்னால் போனவரின் நடையை எங்கோ கண்ட மாதிரி இருந்தது. இடுப்புச் சாரத்தின் மடிப்பில் புடைத்துக்கொண்டிருந்தது ஒரு போத்தல்.

இரண்டு பக்கமும் வாவி, கண் கூசும் வெயில். காலடிச் சத்தம் மட்டும். நடுவழி வந்ததும் அவர் நின்றார்.

வரிசை அவரை விட்டுவிட்டு முன்னே நகர்ந்தது. இடைவெளி விழுந்தது. அந்தக் காலுக்குள் என்ன மிச்சம் இருக்கிறதென்று என் மனம் கண்டபடி ஓடியது. எங்கள் விரல் தேடாத மூலை எது? மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தலை நிமிர்ந்தது. கூப்பிடும் குரல் வரவில்லை. கூப்பிட மாட்டோம் என்றுதானே சொல்லியிருந்தார்கள். நான் கத்தலாமா, கத்தினால் சுடுவார்களா?

அவர் தலையைச் சற்றுச் சரித்தார், ஏதோ கேட்பவர் போல. பிறகு நடந்தார். நொண்டவில்லை. சாவடியில் போத்தலை எடுத்துக் காட்டினார், வெயிலில் பிடித்து ஆட்டிப் பார்த்த சிப்பாய் அதைச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். விட்டார்கள்.

அக்கரையில் நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். “ஏனண்ணன் இடையில நிண்ட? என்ர உசிர் போய்த் திரும்பி வந்திட்டு! கால் பூட்டிட்டா?”

“கால் நல்லம் மிஸ்ஸி. நான்தான் பூட்டிட்டன். அந்த இடம் வந்ததும் பயத்தில காலெடுத்து வைக்க ஒண்ணாமப் போச்சு. விழப்போறன் எண்டு நினைச்சன்.” முகம் முழுக்க வேர்வை, அதற்குள் சிரிப்பு. “மறுகா பின்னால பொலி எண்டு கேட்டிச்சு. அதோட நடந்திட்டன். நீங்கதானே சொன்ன?”

நான் வாயே திறக்கவில்லை. எனக்குப் பின்னால் தாம்போதியில் யாரும் இருக்கவில்லை.

‘இல்லை’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு வயல் வெட்டு முடியும்வரை அந்த வழியால் போக வேண்டியிருந்தது, வரவும் வேண்டியிருந்தது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற நினைப்பில்தான் அந்தக் கால் எழும்பியது. அக்கரையில் வெட்டிய கதிர்க்கட்டுகளைச் சூடாக அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். காற்றில் புது வைக்கோல் மணந்தது. களம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

“பொலி,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வயலைப் பார்த்து நடந்தார். நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். போத்தல் சரசரத்தது. முழங்காலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.